உயிர்ச்சேதம் குறைவுதான், பிறகு ஏன் கஜாவை இன்னும் பேசுகிறார்கள்?

2018 நவம்பர் 16 கஜா புயலில் இறந்தவர்கள் 60-க்குச் சற்று மேல். 1977 நாகப்பட்டினம் புயலில் போன உயிர்கள் அதைப்போலப் பல மடங்கு. இந்த முறை எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது, மக்களை முகாம்களுக்கும் கொண்டுபோனார்கள். அப்படியிருக்க, நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யம் பக்கத்து ஆட்கள் எதைப் பேசினாலும் "கஜாவுக்கு முன்னாடி", "கஜாவுக்குப் பின்னாடி" என்று தொடங்குவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வேதாரண்யத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துக்காரன். புயலுக்குப் பின் சேதக் கணக்கெடுப்பு நடந்தபோது எங்கள் ஊர்ப் பட்டியலை எழுத உதவியவர்களில் ஒருவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், நீங்கள் சொல்வதில் உள்ள உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். புயலுக்கு முந்தின நாள் 80,000-க்கும் மேற்பட்டவர்களைத் தாழ்வான இடங்களிலிருந்து அப்புறப்படுத்தியிருந்தார்கள். பள்ளிக்கூடங்களும் புயல் பாதுகாப்பு மையங்களும் நிரம்பியிருந்தன. "வீட்டைப் போட்டுட்டு எப்படி வர்றது" என்று அடம்பிடித்த கிழவிகளைக்கூட ஊர்ப் பையன்கள் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிப்போனார்கள். அது நடக்காமல் இருந்திருந்தால் கடலோரக் குடிசைகளில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. அந்த வேலையைச் செய்தவர்களுக்கு எங்கள் பகுதி என்றைக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் உயிரைக் காப்பாற்றியவுடன் புயல் முடிந்துவிட்டதாகச் சென்னையில் பலரும் நினைத்தார்கள். எங்களுக்கு அது 16-ஆம் தேதி விடிந்த பிறகுதான் தொடங்கியது.

காற்று அடித்த விதத்தைச் சொன்னால்தான் சேதம் புரியும். புயலின் மையம் நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. நம் பக்கத்துக் கடலில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அதனால் மையம் வரும்வரை எங்களுக்கு வடக்கேயிருந்து காற்று. ஓடு பறந்தது, கூரை பறந்தது, மரங்கள் தெற்கு நோக்கி வளைந்து நின்றன. பிறகு திடீரென்று ஓய்ந்துவிட்டது. மையப்பகுதி தலைக்கு மேல் நிற்கிற நேரம் அது. முடிந்துவிட்டது என்று நினைத்து மாட்டை அவிழ்த்துக் கட்டவும், பக்கத்து வீட்டைப் பார்க்கவும் வெளியே வந்தவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து திருப்பி அடித்தது. ஏற்கெனவே ஒரு பக்கம் இழுபட்டு வேர் தளர்ந்த மரங்களை இந்த இரண்டாவது காற்றுதான் சாய்த்தது. எங்கள் மண் மணல்சாரி. ஐப்பசி மழையில் ஊறிப்போயிருந்தது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. வேரோடு புரண்டது பாதி, நடுவில் முறிந்தது மீதி. 1952, 1955, 1977 என்று மூன்று புயலையும் பார்த்த பெரியவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். அவர்களே, "அதெல்லாம் வெள்ளத்துல அடிச்சது தம்பி, மரத்தை இப்படி மொட்டையா ஆக்குனது இல்ல" என்றார்கள்.

விடிந்ததும் தெருவே தெரியவில்லை. வீட்டிலிருந்து மெயின்ரோடு வரை படுத்துக் கிடந்த மரங்களின்மேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். மரத்தின்மேல் மின்கம்பி, அதன்மேல் இன்னொரு மரம். தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ உள்ளே வர வழியில்லை. அந்த இரண்டு மூன்று நாளில் எங்கள் ஊரில் தங்கத்தைவிட மதிப்பாக இருந்தது மரம் அறுக்கும் மெஷின்தான். ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருந்தன. அதற்கு பெட்ரோல் வாங்க வழியில்லை. பங்க்கில் கரண்ட் இல்லை. மற்றவர்கள் அரிவாளும் கோடரியும் வைத்து வெட்டினார்கள். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் "அம்மா உயிரோட இருக்காங்களா" என்று தெரியாமல் தவித்தார்கள். செல்போன் டவர் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. திருத்துறைப்பூண்டி வரை பைக்கில் போய், சிக்னல் கிடைத்த இடத்தில் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டுபோன நம்பர்களுக்கெல்லாம் வரிசையாகப் போன் போட்டுச் சொன்ன பையன்கள் இருந்தார்கள். "உங்க வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்கண்ணே, வீடுதான் இல்ல" என்று ஒருவன் சிங்கப்பூருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் இன்னமும் இருக்கிறது.

குடிக்கத் தண்ணீர் இல்லாததுதான் அடுத்த அடி. வெளியே இருப்பவர்களுக்கு இது உடனே புரியாது. எங்கே பார்த்தாலும் தண்ணீர் நிற்கும்போது தண்ணீர்ப் பஞ்சமா என்பார்கள். கடலோரத்தில் மேலாகத் தோண்டினால் நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. கூட்டுக் குடிநீர் வெளியூரிலிருந்து குழாயில் வர வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் ஏற்றக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் குடமும் காலி. பழைய அடிபம்புகளை எல்லாரும் எப்போதோ மறந்துவிட்டார்கள். பாதி துருப்பிடித்துக் கிடந்தன. அந்த முதல் நாட்களில் விழுந்து கிடந்த குலைகளை வெட்டி இளநீரைத்தான் குடித்தோம். குழந்தைகளுக்குச் சோறு வடிக்கக்கூட இளநீரை ஊற்றியவர்கள் உண்டு. அந்த மரத்திலிருந்து கிடைக்கப்போகிற கடைசிக் குலை அது என்று தெரிந்தேதான் வெட்டினார்கள்.

கரண்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலிருந்தும், கேரளத்திலிருந்தும்கூட மின் ஊழியர்கள் வந்தார்கள். அப்போது சம்பா நெல் வயலில் நின்ற நேரம். நிறைய கம்பங்கள் வயல் நடுவே. லாரி, கிரேன் எதுவும் இறங்காது. கயிறு கட்டி, இருபது முப்பது பேர் தோள் கொடுத்து, தொடையளவு சேற்றில் கம்பத்தைச் சுமந்துகொண்டு போனார்கள். முன்னால் ஊழியர்கள், பின்னால் ஊர்க்காரர்கள். கால் வழுக்கினால் கம்பம் மேலே விழும். அந்தப் பணியில் உயிரை விட்ட ஊழியரும் உண்டு. மண்டபத்தில் சிமெண்டுத் தரையில் படுத்து, ஊரார் ஆக்கிப்போட்டதைச் சாப்பிட்டு, மாற்றுத் துணி இல்லாமல் வேலை பார்த்தார்கள். எங்கள் ஊரில் ஒரு அம்மா, வீடு போய், தார்ப்பாய்க்குக் கீழே அடுப்பு மூட்டி, "எம்புள்ளைங்க மாதிரிதானப்பா, பசியோட கம்பத்துல ஏறாதீங்க" என்று தினமும் அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். டவுனுக்குச் சில நாளில் வெளிச்சம் வந்தது. உள்கிராமங்களில் ஒரு மாதம் தாண்டியும் இருட்டுதான். தீபாவளி முடிந்து பத்தாம் நாள் புயல். அடுத்த வாரம் கார்த்திகை தீபம். அந்த வருஷம் விளக்கு வைக்க வாசல் இருந்த வீடுகள் குறைவு.

நிவாரண லாரிகளைப் பற்றி இன்றைக்கும் ஒரு ஆதங்கம் உண்டு. எங்கெங்கிருந்தோ இளைஞர்கள் வண்டி நிறையப் பொருள் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் மனசைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலில் வருகிற ஊரிலேயே வண்டியை மறித்துவிடுவார்கள். மறித்தவர்களும் பசித்தவர்கள்தான். அதனால் ரோட்டோர ஊர்களுக்குப் பிஸ்கட்டும் பழைய துணியும் குவிந்தன. ரோட்டிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே இருந்த ஊர்களுக்கு ஒன்றும் போகவில்லை. பழைய துணிகள் மழையில் நனைந்து மூட்டை மூட்டையாக ரோட்டோரம் கிடந்தன. அந்த நேரம் எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டவை தார்ப்பாய், கயிறு, கொசுவர்த்தி, நாப்கின், டார்ச், மரம் அறுக்கிற ஆள், தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஒரு ஜெனரேட்டர். திருப்பூரிலிருந்து வந்த ஒரு குழு, ஒரு ஜெனரேட்டரை லாரியிலேயே வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தொட்டியை நிரப்பிக் கொடுத்தது. அவர்கள் எங்களுக்குச் செய்ததற்கு ஈடு கிடையாது. இனி எந்த ஊருக்காவது புயல் உதவிக்குப் போகிறவர்கள், முதலில் இரண்டு பேரைப் பைக்கில் உள்ளே அனுப்பிக் கேட்டுவிட்டு, அதன்பிறகு லாரியை ஏற்றுங்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். எங்களை அடித்துப்போட்டது மரம்.

ஒரு நெட்டைத் தென்னை வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷம். நின்று நிதானமாகக் காய்க்க எட்டு, பத்து. அதன்பிறகு ஐம்பது அறுபது வருஷம் கொடுக்கும். அப்பா வைத்த மரத்தில் பிள்ளை காய் பறிப்பான், பேரன் படிப்பான். எங்கள் பக்கம் தோப்பு வைத்திருப்பவன் பணக்காரன் என்று அர்த்தமில்லை. ஒரு ஏக்கரில் எழுபது மரம், அல்லது வீட்டுக் கொல்லையில் பத்து மரம், அவ்வளவுதான். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு காய் வெட்டு, கையில் காசு. பிள்ளை கல்லூரிக் கட்டணம், சீர், மருந்துச் செலவு எல்லாம் "அடுத்த வெட்டுக்குத் தர்றேன்" என்று சொல்லி ஓடிக்கொண்டிருந்த குடும்பங்கள்.

அரசு அறிவித்த நிவாரணம் விழுந்த ஒரு தென்னைக்கு 1,100 ரூபாய். அதில் மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். மறுபடி நடுவதற்கும் தனியாக மானியம் உண்டு. பழைய விதியைவிட இது கூடுதல் என்று அதிகாரிகள் சொன்னார்கள், அது சரிதான். ஆனால் ஒரு நல்ல மரம் வருஷத்துக்கு நூறு காய் காய்க்கும். காய் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் வருஷத்துக்கு ஆயிரம். வெட்டி அகற்றுகிற செலவு போக மரத்துக்கென்று கொடுத்த 600 ஒரு வருஷ வருமானம்கூட இல்லை, காத்திருக்க வேண்டியதோ எட்டு வருஷம். நடுவில் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? கணக்கெடுப்பில் மரம் இருந்தது, வீடு இருந்தது, மாடு இருந்தது, படகு இருந்தது. அந்த எட்டு வருஷத்துக்கு ஒரு கட்டம் இல்லை.

பட்டியல் எழுதிய நாட்களை மறக்க முடியாது. கிராம நிர்வாக அலுவலர், அதாவது விஏஓ, மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கும் வீட்டில் கூரை போயிருந்தது. வரிசையில் வந்த ஒரு பெரியவர், பையிலிருந்து மடித்து வைத்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது, அவருடைய அப்பா காலத்துக் குத்தகைச் சீட்டு ஒன்று. பட்டா இல்லை. எங்கள் பக்கம் நிறைய நிலம் கோயிலுக்குச் சொந்தம். தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுகிறவர்கள், அதில் மரம் வைத்து வளர்த்தவர்கள் ஏராளம்.

"அய்யா, மரம் நான் வச்சது. தண்ணி ஊத்துனது எங்க வீட்டு அம்மா."

"தெரியுதுங்க பெரியவரே. அடங்கல்ல உங்க பேரு இல்லையே, நான் எதைப் பாத்து எழுதுறது?"

எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று விஏஓ எழுதி வைக்கிற பதிவேடுதான் அடங்கல். இரண்டு பேர்மேலும் தப்பில்லை. பெரியவர் மறுபடி காகிதங்களை அதே மடிப்பில் மடித்து வைத்துக்கொண்டு, வரிசைக்குப் பக்கத்தில் நின்றார். போகவில்லை. கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். இப்படி மனு எழுதிய குடும்பங்கள் எங்கள் ஒரு ஊரிலேயே எத்தனையோ.

மரம் இல்லாதவர்கள் கதை இதைவிடக் கொடுமை. ஒரு தோப்பை நம்பி, உடையவரைத் தவிர எத்தனை பேர் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மரம் ஏறிக் காய் பறிப்பவர், பாரையில் மட்டை உரிப்பவர், கீற்று முடைகிற பெண்கள், ஈர்க்கு கிழித்து விளக்குமாறு கட்டுகிறவர்கள், கயிறு திரிக்கிற கம்பெனியில் கூலிக்குப் போகிறவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள். இவர்கள் பெயரில் ஒரு மரமும் இல்லை, அதனால் தொழில் போனதற்கு எந்தப் பட்டியலிலும் இவர்கள் இல்லை. குடிசை முழுதாகப் போயிருந்தால் 10,000, பாதி போயிருந்தால் 4,100, அதோடு சரி. முதல் மாதம் கீற்று கொட்டிக் கிடந்தது. எடுத்து முடைந்து கூரை போட்டுக்கொண்டார்கள். அடுத்த வருஷம் மாற்றக் கீற்று கிடைக்கவில்லை, ஏனென்றால் மரமே இல்லை. காசு புரட்ட முடிந்தவர்கள் தகரம் போட்டார்கள். மற்றவர்கள் புயலுக்கு வந்த அதே தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று மழைக்காலத்தைத் தள்ளினார்கள். காய் பறிக்கப் போய்க்கொண்டிருந்த என் வயதுக்காரர்கள் பலர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் சென்னையில் கட்டட வேலைக்கும் போனார்கள். சிலர் திரும்பி வரவே இல்லை, அங்கேயே தங்கிவிட்டார்கள்.

கடன் இன்னொன்று. மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுத்த நுண்கடன் நிறுவனங்களின் வசூல்காரர்கள், முகாமிலிருந்து வீடு திரும்பாத பெண்களிடமே வாரத் தவணை கேட்டு வந்தார்கள். சில மாதம் வசூலைத் தள்ளிவைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆனாலும் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வது நிற்கவில்லை. ஒரு பெண் கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பது அந்தக் கடனின் ஏற்பாடு. புயல் சேர்த்து வைத்த அக்கம்பக்கத்தை அந்தத் தவணைப் புத்தகம் பிரித்துவிட்டது. டெல்டாவில் மனமுடைந்து உயிரை விட்ட விவசாயிகளும் உண்டு.

கடல் பக்கம் வேறு மாதிரி அடி. ஆற்காட்டுத்துறை, புஷ்பவனம், வெள்ளப்பள்ளம், வானவன்மகாதேவி ஊர்களில் பைபர் படகுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. சில படகுகள் கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, சவுக்குத் தோப்புக்குள் கிடந்தன. வலை எல்லாம் முள்ளுமரத்தில் சுற்றிக்கொண்டு. அதைவிட, கடல் அடியிலிருந்து அள்ளிவந்து கொட்டிய கரும் களிமண். வேதாரண்யம் கடற்கரையில் மணல் தெரியாமல் சேறு. காலை வைத்தால் முழங்காலுக்கு மேலே இறங்கும். படகை இறக்க முடியாது, ஏற்ற முடியாது. தை அமாவாசைக்குத் தீர்த்தமாட வருகிறவர்கள் அந்தச் சேற்றைக் கடந்துதான் தண்ணீருக்குப் போக வேண்டியிருந்தது. அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் பாத்திகளும் அதே சேற்றில் மூழ்கின. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பள்ளிய மண் அது. பாத்தியை மிதித்து மிதித்து இறுக்கி, தரையைப் பக்குவப்படுத்தினால்தான் உப்பு வெள்ளையாக விளையும். சேறு படிந்த பாத்தியை வழித்தெடுத்து மறுபடி தரை கட்டுவது மாதக்கணக்கான வேலை. உப்பள வேலைக்குப் போகிற பெண்களுக்கு அதுவரை கூலி இல்லை.

கோடியக்கரைக் காடு பெருமளவு சேதமானது. வெளிமான், புள்ளிமான், மட்டக்குதிரைகள் செத்து, காரைக்கால் கடற்கரை வரை ஒதுங்கின. வலசைப் பறவைகள் வந்து இறங்குகிற மாதத்தில் புயல் வந்தது. நின்ற மரங்களும் பச்சையாக நிற்கவில்லை. உப்புக் காற்று பட்டு இலையெல்லாம் கருகி, நெருப்புப் பிடித்ததுபோல் பழுப்பு நிறத்தில் நின்றன. மார்கழியில் சில மரம் துளிர்த்தபோது, வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தோம்.

நின்ற மரங்களைப் பற்றி, தோப்பு இல்லாதவர்களுக்குத் தெரியாத ஒன்று. காற்றில் விழாத தென்னை பிழைத்த தென்னை இல்லை. குருத்து முறுகியிருக்கும். வெளியே தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்துக் குருத்து அழுகி, மட்டை ஒவ்வொன்றாகத் தொங்கி, கொண்டை சாய்ந்துவிடும். கணக்கெடுப்பு நடந்தபோது நின்றுகொண்டிருந்தால் அது "சேதமில்லாத மரம்". மாசியில் செத்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அதோடு, விழுந்த மரங்களை அகற்ற முடியாமல் பலர் தோப்பிலேயே விட்டுவிட்டார்கள். மரத்தை வாங்க ஆளில்லை. செங்கல் சூளைக்காரர்கள் ஏற்றிப்போகிற கூலிக்குத்தான் கேட்டார்கள். ஜேசிபி வாடகை கொடுத்தால் நிவாரணப் பணம் அதிலேயே போய்விடும். மட்கிய தென்னந்தடிதான் காண்டாமிருக வண்டுக்குச் சரியான இடம். அதில் முட்டை வைத்துப் பெருகி, புதிதாக வைத்த கன்றுகளின் குருத்தைத் துளைத்தது. அதன் பின்னால் சிவப்புக் கூன்வண்டு. 2019, 2020இல் வைத்த கன்றுகளில் நிறைய இப்படிப் போயின. ஆக, மறுபடி முதலிலிருந்து.

மாமரத்தில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. வேரோடு சாய்ந்தாலும் ஒரு பக்கத்து வேர் மண்ணில் பிடித்திருந்தால், கிளைகளைக் கழித்துவிட்டு, ஜேசிபியால் நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக் கொடுத்து, வெட்டிய வாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தடவினால் பிழைக்கும். செம்போடை, புஷ்பவனம் பக்கம் அப்படி நிமிர்த்தி இன்று காய்க்கிற மரங்கள் இருக்கின்றன. ஆனால் வேர் காய்வதற்குள், அதாவது முதல் சில நாட்களுக்குள் செய்ய வேண்டும். அந்த நாட்களில் ஜேசிபி எல்லாம் ரோட்டில் கிடந்த மரத்தை எடுத்துக்கொண்டிருந்தது. விவசாயி குடிக்கத் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தார்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சொல்வதென்றால்: 1977-ஐ எங்கள் பெரியவர்கள் செத்தவர்களின் பெயரோடு நினைக்கிறார்கள். கஜாவை நாங்கள் நின்றுபோன படிப்போடும், தள்ளிப்போன கல்யாணத்தோடும், வெளியூர் போன ஆளோடும் நினைக்கிறோம். உயிர்ச்சேதத்தை மட்டும் பார்த்தால் இதில் எதுவும் கண்ணில் படாது. அதனால்தான் செய்தி சேனல்கள் இரண்டு வாரத்தில் போய்விட்டன. ஊர் எட்டு வருஷக் கணக்கில் இருக்கிறது. புயலுக்கு அடுத்த வருஷம் வைத்து, வண்டுக்குத் தப்பிய கன்றுகள் இப்போதுதான் காய்ப்பில் நிலைக்கின்றன.

கடைசியாக, தோப்பு வைத்திருக்கும் கடலோரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது சில உண்டு. இதைக் கடலூர், ராமநாதபுரம் பக்கத்து ஆட்களும் படிக்கலாம் என்பதால் எழுதுகிறேன். புயல் மாதங்களுக்கு முன்பே முற்றின காய்களைப் பறித்து, அடி மட்டைகளைக் கழித்துவிடுங்கள். கொண்டை பாரம் குறைந்தால் காற்று பிடிப்பது குறையும். கஜாவில் புயலுக்குச் சற்று முன் வெட்டு முடிந்திருந்த தோப்புகளில் சேதம் குறைவாக இருந்ததை நானே பார்த்தேன். ஊர் அடிபம்புகளில் இரண்டையாவது வேலை செய்கிற நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். மரம் அறுக்கும் மெஷின் ஒன்றை ஊர்ப் பொதுவில் வாங்கி வையுங்கள்.

தென்னை வளர்ச்சி வாரியத்தின் தென்னை மரக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. கஜா வந்தபோது அதில் சேர்ந்திருந்தவர்கள் மிகக் குறைவு. எங்கள் ஊரில் அப்படி ஒரு திட்டம் இருப்பதே புயலுக்குப் பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. அப்போது இருந்த விகிதத்தில், 16 முதல் 60 வயது வரையுள்ள மரத்துக்கு வருஷப் பிரீமியம் 14 ரூபாய். அதில் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் கட்டின. விவசாயி கையிலிருந்து போவது மூன்றரை ரூபாய். மரம் போனால் 1,750 ரூபாய். இதைத் தெருமுனையில் மைக் வைத்துச் சொல்லியிருந்தால்கூட ஊருக்கு ஊர் சேர்ந்திருப்பார்கள். இப்போதைய விகிதத்தை உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கும் சரி, நிவாரணத்துக்கும் சரி, காகிதம் வேண்டும். தோப்பை இன்றைக்கே தேதியோடு போட்டோ எடுத்து, வெளியூரில் இருக்கிற பிள்ளையின் போனுக்கு அனுப்பி வையுங்கள். உங்கள் போன் நனைந்தாலும் அங்கே இருக்கும். குத்தகைக்காரர்கள் குத்தகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அடங்கலில் மரக் கணக்கு ஏறாதவர்கள் ஆடி, ஆவணிக்குள் விஏஓவைப் பார்த்து ஏற்றிக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் அவருக்கும் நேரம் இருக்காது, உங்களுக்கும் இருக்காது.